தாம்பரம்–சந்திரகாச்சி அம்ரித் பாரத்: வடசென்னை வழியாகப் போகிறது, நமக்கு என்ன பயன்?

ராயபுரம்வாசி:
2026 ஜனவரி 18 அன்று மேற்கு வங்கத்தின் சிங்கூரில் பிரதமர் கொடியசைத்துத் தொடங்கிவைத்த மூன்று அம்ரித் பாரத் வண்டிகளில் ஒன்று நம் பக்கம் வருகிறது. கொல்கத்தாவை ஒட்டிய சந்திரகாச்சிக்கும் தாம்பரத்துக்கும் இடையே வாரம் ஒரு முறை ஓடும் வண்டி. தாம்பரம், எழும்பூர், கடற்கரை தாண்டியதும் ராயபுரம், வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று வடசென்னையை நீளவாக்கில் கடந்துதான் ஆந்திராவின் கூடூருக்குப் போயாக வேண்டும். வேறு வழி கிடையாது. போதாததற்கு, அம்ரித் பாரத் பெட்டிகள் முதன்முதலில் உருவானதே பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்.பில்தான். செய்தவர்கள் நாம், வண்டி ஓடுவது நம் தெருவோரம். ஏறுவதற்கு மட்டும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு தெற்கே எழும்பூருக்குப் போக வேண்டும்.

என் கேள்வி இதுதான். 'குறைந்த கட்டணத் தொலைதூர ரயில்' என்கிறார்கள். யாருக்குக் குறைவு? வடசென்னைக்கு இதில் ஏதாவது இருக்கிறதா? கட்சிச் சண்டை வேண்டாம், விஷயத்தைப் பேசுவோம்.

கொருக்குப்பேட்டை கேட்:
இருபத்திரண்டு பெட்டி, இரண்டு இன்ஜின். எங்கள் ரயில்வே கேட்டில் நிற்கும் தண்ணீர் லாரி ஓட்டுநர் ஒரு டீ குடித்து முடித்து இரண்டாவதுக்கும் சொல்லலாம். வடசென்னைக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்டீர்களே, அதற்கு என் பதில்.

பச்சைக்கொடி:
நான் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவன். பலர் வந்தே பாரத்தையும் அம்ரித் பாரத்தையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால் அடிப்படையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அம்ரித் பாரத் முழுக்க முழுக்க ஏசி இல்லாத வண்டி. 2023 டிசம்பர் 30 அன்று அயோத்தியில் முதல் இரண்டு வண்டிகள் தொடங்கின. ஒன்று தர்பங்காவிலிருந்து டெல்லி ஆனந்த் விஹாருக்கு, மற்றொன்று மால்டாவிலிருந்து பெங்களூருக்கு. இப்போது நம் பக்கம் வருவது இரண்டாம் தலைமுறை வண்டி, மொத்தம் 22 பெட்டிகள். அவற்றில் 8 படுக்கை வசதிப் பெட்டிகள், 11 முன்பதிவில்லாத பொதுப்பெட்டிகள், ஒரு உணவுப் பெட்டி, மீதி இரண்டு சரக்கும் கார்டு அறையும் மாற்றுத்திறனாளிகளுக்கான இடமும் சேர்ந்தவை. முன்னால் ஒரு இன்ஜின், பின்னால் ஒரு இன்ஜின், இரண்டும் சித்தரஞ்சனில் செய்த டபிள்யூ.ஏ.பி.-5 வகை. முன்னால் இருக்கும் ஓட்டுநரே இரண்டையும் இயக்குவார். ஒன்று இழுக்கும், மற்றொன்று தள்ளும். நின்ற இடத்திலிருந்து வேகம் பிடிக்க அதிக நேரம் ஆகாது. விசாகப்பட்டினம் போன்ற நிலையத்துக்குள் போகும் வண்டி வந்த வழியே திரும்பித்தான் வெளியே வர வேண்டும். அங்கே இன்ஜினைக் கழற்றி மறுமுனையில் மாட்டும் வேலையும் இருக்காது. பெட்டிகளுக்கு இடையே இருக்கும் இணைப்பும் மாறியிருப்பதால், புறப்படும்போதும் நிற்கும்போதும் முதுகில் விழும் அந்த இடி வெகுவாகக் குறைந்திருக்கிறது. அதிகபட்ச வேகம் மணிக்கு 130 கி.மீ.

இதெல்லாம் நல்ல பொறியியல். ஆனால் ராயபுரம்வாசி கேட்ட கேள்விக்கு விடை இதில் இல்லை. அந்தப் பதினொரு பொதுப்பெட்டிகளில்தான் இருக்கிறது. இடையில் பல விரைவு வண்டிகளில் பொதுப்பெட்டி இரண்டாகச் சுருங்கியிருந்தது. அந்தக் காலத்தில் வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், ஒரே வண்டியில் பதினொன்று என்பது பெரிய விஷயம்.

எண்ணூர்க் காற்று:
ஏசி இல்லாத பெட்டிக்குப் புதுப் பெயர், புதுக் காவி வண்ணம், அதற்கு ஒரு விழா. இவ்வளவுதானே ஐயா? 2006இல் லாலு பிரசாத் ரயில்வே அமைச்சராக இருந்தபோது கரீப் ரத் கொண்டுவந்தார். ஏழையும் ஏசியில் போகட்டும் என்று நினைத்த வண்டி அது. இருபது ஆண்டு கழித்து ஏழைக்கு மின்விசிறி போதும் என்று திரும்பி வந்திருக்கிறோம். 1,600 கிலோமீட்டருக்கும் மேல். மே மாதத்தில் ஓங்கோலுக்கும் விஜயவாடாவுக்கும் நடுவே மதிய வெயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து பாருங்கள், அப்புறம் பொறியியலைப் பாராட்டலாம்.

மணலி பட்டறை:
எண்ணூர்க் காற்று அண்ணே, மே மாத வெயில் எனக்கும் தெரியும். எங்கள் பட்டறையில் வெல்டிங் செய்பவர்களில் பாதிப் பேர் மேற்கு வங்கத்து மேதினிபூர் பக்கத்துப் பையன்கள். ஊருக்குப் போகும்போது அவர்களை வழியனுப்ப நான் ரயில் நிலையத்துக்குப் போவதுண்டு. நடைமேடையில் பொதுப்பெட்டிக்கான வரிசை எப்படி இருக்கும் தெரியுமா? நிற்கும் வரிசை இல்லை, குந்தியிருக்கும் வரிசை. ஒருவர் முதுகில் மற்றவர் முழங்கால் முட்ட, வண்டி வரும் வரை அப்படியே உட்கார்ந்திருக்க வேண்டும். எழுந்தால் விசில். ஒவ்வொருவர் கையிலும் இருபது லிட்டர் பெயிண்ட் வாளி. அதற்குள் துணி, செருப்பு, தங்கைக்கு வாங்கிய பொம்மை எல்லாம் அடக்கம், மேலே மூடி. பெட்டிக்குள் இடம் கிடைக்காவிட்டால் அந்த வாளியைக் கழிப்பறைக் கதவோரம் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டு ஒரு பகலும் ஓர் இரவும் போவார்கள். 

இவர்களிடம் போய், தம்பி, ஏசி வேண்டுமா என்று கேட்டால் என்ன சொல்வார்கள்? உட்கார ஒரு இடம் வேண்டும் என்பார்கள். பதினொரு பெட்டி என்றால் அது கிடைக்கலாம். இதைச் சின்ன விஷயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

எண்ணூர்க் காற்று:
கிடைக்கலாம். வாரத்தில் ஒரு நாள். மற்ற ஆறு நாளும் வாளி மேல்தானே?

கொளத்தூர் ஷெல்:
ஐ.சி.எஃப்.பில் வேலை செய்கிறேன், எந்தப் பிரிவு என்பது பெயரிலேயே இருக்கிறது: பெட்டியின் வெளிக்கூட்டைச் செய்யும் ஷெல் பிரிவு. இரண்டு செய்தி சொல்கிறேன்.

1955 அக்டோபர் 2 அன்று நேரு திறந்துவைத்த தொழிற்சாலை இது. சுவிஸ் நிறுவனத்தின் உதவியோடு வந்த பழைய நீலப்பெட்டி வடிவத்தை 2018 ஜனவரியோடு நிறுத்திவிட்டோம். இப்போது இன்ஜின் இழுக்கும் பெட்டிகள் எல்லாமே ஜெர்மானிய வடிவத்திலிருந்து வந்த எல்.எச்.பி. வகை, துருப்பிடிக்காத எஃகு. பழைய படுக்கைப் பெட்டியில் 72 பேர், இதில் 80 பேர். விபத்து நேர்ந்தால் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் இருக்கும்படியான இணைப்பு. இந்த வகையில் பழைய வண்டியோடு ஒப்பிட்டால் ஏழையின் பெட்டியும் பணக்காரரின் பெட்டியும் ஒரே எலும்புக்கூட்டுக்கு வந்திருக்கின்றன. விழா, வண்ணம் என்று கேலி செய்பவர்கள் இதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

இரண்டாவது செய்தி. அம்ரித் பாரத்தின் சிறப்புகள் என்று வெளியிட்ட பட்டியலில் 'குஷன் வைத்த லக்கேஜ் பலகை' என்று ஒன்று இருக்கிறது. தலைக்கு மேல் பெட்டி வைக்கும் பலகைக்கு எதற்குக் குஷன்? சூட்கேஸுக்கு முதுகுவலி வருமா? அதில் மனிதர் ஏறிப் படுப்பார் என்பது வடிவமைத்தவருக்கும் தெரியும், செய்த எங்களுக்கும் தெரியும், டிக்கெட் கொடுப்பவருக்கும் தெரியும். பட்டியலில் மட்டும் அது லக்கேஜ் பலகை. பதினொரு பொதுப்பெட்டி போதுமா என்ற கேள்விக்கு நான் கண்ட விடை அந்தக் குஷன்தான்.

கொருக்குப்பேட்டை கேட்:
இந்த இழையிலேயே சிறந்த வரி 'சூட்கேஸுக்கு முதுகுவலி'.

தண்டையார்பேட்டை வானதி:
எல்லோரும் பொதுப்பெட்டியைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் படுக்கைப் பெட்டியைப் பற்றிப் பேசுகிறேன். என் ஜெராக்ஸ் கடை ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருப்பதால் முன்பதிவுப் படிவம் நிரப்பித் தரச் சொல்லிப் பலர் வருவார்கள். அம்ரித் பாரத்தின் இரண்டாம் தலைமுறை வண்டிகளுக்கு 2026 ஜனவரியில் தனி விதிகள் வந்திருக்கின்றன. யாராவது முழுதாகப் படித்தீர்களா?

படுக்கை வசதிக்குக் குறைந்தபட்சம் 200 கி.மீ. கட்டணம், 149 ரூபாய். நீங்கள் நூறு கி.மீ. போனாலும் அதுதான். பொதுப்பெட்டிக்குக் குறைந்தபட்சம் 50 கி.மீ., 36 ரூபாய். 2023இல் முதல் வண்டி விட்டபோது இது 35. அப்போதே சாதாரண மெயில், எக்ஸ்பிரஸில் 30 ரூபாய்தான். ஆக, 'குறைந்த கட்டணம்' என்பது வந்தே பாரத்தோடு ஒப்பிட்டுச் சொல்வது. அதே பாதையில் ஓடும் பழைய எக்ஸ்பிரஸோடு ஒப்பிட்டால் இது அதிகக் கட்டணம். போதாததற்கு 2025 ஜூலையிலும் டிசம்பரிலும் மெயில், எக்ஸ்பிரஸ் வண்டிகளுக்குக் கிலோமீட்டருக்கு இத்தனை பைசா என்று ஏற்றினார்கள். பைசாக் கணக்கு கேட்கச் சிறிதாக இருக்கும், 1,600 கிலோமீட்டருக்குப் பெருக்கிப் பாருங்கள்.

அதைக்கூடப் பொறுக்கலாம். ரத்து விதிதான் என்னால் செரிக்க முடியாதது. புறப்பட 72 மணி நேரத்துக்கு முன்பே ரத்து செய்தாலும் கால்வாசிப் பணம் போகும். 72 மணியிலிருந்து 8 மணி வரை பாதி போகும். எட்டு மணி நேரத்துக்குள் என்றால் ஒரு பைசா திரும்பாது. வந்தே பாரத் ஸ்லீப்பருக்கு என்ன விதியோ அதே விதி இதற்கும். அந்த வண்டியில் போகிறவருக்கு விடுப்பு உறுதியான பிறகுதான் டிக்கெட். இங்கே வருகிறவர்களுக்கு மேஸ்திரி புதன்கிழமை 'போ' என்பார், வெள்ளிக்கிழமை 'கான்கிரீட் போடுகிறோம், அடுத்த வாரம் போ' என்பார். 700 ரூபாய் டிக்கெட் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேஸ்திரி மனம் மாறியதற்கு 350 ரூபாய், இந்தப் பையன் கட்ட வேண்டும். அதுவே அவருடைய அரை நாள் கூலி.

ஆர்.ஏ.சி.யும் கிடையாது. உறுதியான படுக்கை, இல்லையென்றால் காத்திருப்போர் பட்டியல். பக்கவாட்டுப் படுக்கையில் இரண்டு பேர் உட்கார்ந்து போவது சுகமில்லைதான். ஆனாலும் பண்டிகை நேரத்தில் ஊர் போய்ச் சேர அந்தப் பாதி இடம் எத்தனை பேருக்கு உதவியிருக்கிறது!

ராயபுரம்வாசி:
வானதி அக்கா, இது நன்றாகக் கேட்க வேண்டிய கேள்வி. பொதுப்பெட்டிக்கும் இந்த ரத்து விதி உண்டா?

தண்டையார்பேட்டை வானதி:
இல்லை. முன்பதிவில்லாத டிக்கெட்டுக்குப் பழைய நடைமுறையே தொடர்கிறது. இந்தப் புதுச் சுமை முழுவதும் படுக்கைக்குத்தான்.

பச்சைக்கொடி:
ரத்து விதிக்கு நிர்வாகத்தின் பக்கத்திலிருந்து ஒரு காரணம் சொல்ல முடியும் அம்மா. ஒருவரே மூன்று வண்டியில் இடம் பிடித்து வைத்துக்கொண்டு கடைசி நாளில் இரண்டை விடுவது நடக்கிறது. முன்பதிவுக் காலத்தை 2024 நவம்பரில் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைத்ததும் அதைத் தடுக்கத்தான். காரணம் சரி. ஆனால் அப்படி மூன்று வண்டியில் பிடித்து வைப்பவர் வானதி சொல்லும் பையன் அல்ல என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

எழும்பூருக்குப் போகும் வழி பற்றி யாரும் பேசவில்லையே. திருவொற்றியூர்க்காரர் புறநகர் வண்டியில் கடற்கரைக்கு வந்து, தாம்பரம் வண்டிக்கு மாறி எழும்பூரில் இறங்கலாம். நேராக சென்ட்ரல் பக்கம் போகும் வண்டியாக அமைந்துவிட்டால் அங்கே வேறு சுற்று. மெட்ரோ என்றால் விம்கோ நகரிலிருந்து நீலப் பாதை, சென்ட்ரலில் பச்சைப் பாதைக்கு மாற வேண்டும். கையில் வாளியோடு இதைச் செய்பவரை நினைத்துப் பாருங்கள்.

கொருக்குப்பேட்டை கேட்:
அதனால்தான் பெரம்பூரில் நிறுத்தச் சொல்கிறேன். தொலைதூர வண்டி நிற்கும் வசதி அங்கே ஏற்கெனவே இருக்கிறது. நான்காவது முனையம் ஆக்கப் போவதாகவும் சொல்கிறார்கள்.

பச்சைக்கொடி:
தம்பி, இந்த வண்டி பெரம்பூருக்கே போகாது. பெரம்பூர் அரக்கோணம் பாதையில் இருக்கிறது. சேலம், காட்பாடி பக்கமிருந்து வந்து சென்ட்ரலுக்குள் நுழையாமல் வியாசர்பாடியில் வடக்கே திரும்பும் வண்டிகளுக்குத்தான் பெரம்பூர் பொருந்தும். தாம்பரத்திலிருந்து வருவது கடற்கரை, ராயபுரம் வழியாகக் கொருக்குப்பேட்டைக்கு வந்து சேரும். இரண்டு பாதையும் உங்கள் கேட்டுக்குப் பக்கத்தில்தான் சந்திக்கின்றன.

கொருக்குப்பேட்டை கேட்:
அப்படியானால் எங்கள் கேட்டிலேயே நிறுத்துங்கள், எப்படியும் நாங்கள் நின்றுகொண்டுதானே இருக்கிறோம்.

ராயபுரம்வாசி:
சிரிப்பு இருக்கட்டும். ராயபுரத்தில் ஏன் நிற்கக்கூடாது? 1856இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது இங்கிருந்துதான். நாட்டில் இன்றும் நிற்கும் நிலையக் கட்டடங்களில் இதுவே பழமையானது. 170 ஆண்டு கழித்து, அந்தத் தூண்களைத் தாண்டி ஏழைகளுக்கான ரயில் ஒன்று நிற்காமல் போகிறது. முனையமாக்கு என்று எத்தனை காலமாகக் கேட்கிறோம்!

பச்சைக்கொடி:
பெருமை வேறு, நடைமேடை வேறு. கணக்கைச் சொல்கிறேன். ஒரு எல்.எச்.பி. பெட்டி இணைப்போடு ஏறத்தாழ 24 மீட்டர். 22 பெட்டிக்கு 528. இரண்டு இன்ஜின் சேர்த்தால் 560 மீட்டரைத் தாண்டும். பன்னிரண்டு பெட்டிப் புறநகர் மின்வண்டிக்கு 260 மீட்டர் அளவு நடைமேடை போதும். அந்த நடைமேடையில் இந்த வண்டியை நிறுத்தினால் பாதி வண்டி வெளியே ஜல்லியில் நிற்கும். பொதுப்பெட்டிகள் ஓரங்களில் இருப்பதுதான் வழக்கம், ஆகவே ஜல்லியில் இறங்குவது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

முனையம் என்பது இன்னும் பெரிய வேலை. வண்டியை அடியில் நின்று பரிசோதிக்கும் குழிப்பாதை, கழுவும் இடம், தண்ணீர் ஏற்றும் குழாய், இரவில் நிறுத்தி வைக்கும் உதிரிப் பாதை, எல்லாம் வேண்டும். சென்ட்ரல் வண்டிகளுக்கு அதையெல்லாம் பேசின்பிரிட்ஜ் செய்கிறது. அதே அளவு நிலம் ராயபுரத்தில் கிடைக்குமா என்பதுதான் சண்டை. ஆனால் ஒரு நடைமேடையை நீட்டி இரண்டு நிமிட நிறுத்தம் கேட்பது முனையம் கேட்பது அல்ல. திருவொற்றியூரிலோ ராயபுரத்திலோ அதைக் கேட்பதில் எனக்கு மறுப்பில்லை.

எண்ணூர்க் காற்று:
எனக்கு மறுப்பு இருக்கிறது. காலையில் புறநகர் வண்டியில் நசுங்கிப் போகிறவன் நான். நீளமான வண்டி ஒன்று நடுவழியில் இரண்டு நிமிடம் நின்றால், பின்னால் வரும் மூன்று லோக்கல் நிற்கும். வடசென்னையில் தினமும் ரயில் ஏறுகிறவன் லோக்கல்காரன்தான். அவனை ஓரம் கட்டிவிட்டு வாரத்துக்கு ஒரு வண்டிக்கு நிறுத்தமா?

பச்சைக்கொடி:
நியாயமான பயம். அதற்குத்தான் கூடுதல் பாதைகள். 2023 ஆகஸ்ட் முதல் 2024 அக்டோபர் வரை பறக்கும் ரயிலைச் சிந்தாதிரிப்பேட்டையோடு நிறுத்தி வைத்தார்களே, கடற்கரைக்கும் எழும்பூருக்கும் நடுவே நான்காவது பாதை போடத்தான். எழும்பூர், தாம்பரத்திலிருந்து வடக்கே வண்டி விட வழி வேண்டும் என்பதே அதன் நோக்கம். சென்னை–கூடூர் பாதையில் 2022 முதல் 130 கி.மீ. வேகத்துக்கும் அனுமதி உண்டு. வடக்கே போகும் வண்டிகள் இனி கூடத்தான் செய்யும், குறையாது. அப்படிக் கூடும்போது வடசென்னை வெறும் நடைபாதையாக இருக்கப் போகிறதா என்பதுதான் கேள்வி.

மணலி பட்டறை:
ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2023 ஜூன் 2, பாலசோர் பக்கத்தில் கோரமண்டல் விபத்து. இதே பாதை, இதே பயணிகள். இறந்தவர்களில் பலர் முன்பக்கப் பொதுப்பெட்டியில் இருந்தவர்கள். முன்பதிவில்லாத டிக்கெட்டில் பெயர் இருக்காது என்பதால் யார் எந்தப் பெட்டியில் இருந்தார் என்று கண்டுபிடிக்கவே குடும்பங்கள் அலைந்தன. அந்த இரவு எங்கள் பட்டறையில் யாரும் தூங்கவில்லை, எல்லோர் கையிலும் போன். அதனால் கொளத்தூர் நண்பர் சொன்ன எஃகு எலும்புக்கூட்டை நான் மதிக்கிறேன். சார்ஜர் முனையை விட, எல்.இ.டி. விளக்கை விட, இந்தப் பாதையில் சிக்னல் பாதுகாப்புதான் எங்கள் பையன்களுக்கு முதல் வசதி.

கொளத்தூர் ஷெல்:
இதில் மாற்றுக் கருத்தே இல்லை. பெட்டி எவ்வளவு உறுதியாக இருந்தாலும், கவசம் போன்ற தானியங்கித் தடுப்பு முறை பாதையில் இருந்தால்தான் முழுப் பயன்.

இன்னொன்று. 2025 ஜனவரியில் ரயில்வே அமைச்சர் ஐ.சி.எஃப். வந்தபோது இரண்டு ஆண்டுகளில் இப்படி 50 வண்டிகள் செய்யப்படும் என்று அறிவித்தார். வண்டி வரும். அதை எந்த ஊருக்கு, வாரத்தில் எத்தனை நாள் விடுவது என்பதில்தான் நாம் குரல் கொடுக்க முடியும். சந்திரகாச்சி வண்டி தொடங்கிய அதே வாரத்தில் நியூ ஜல்பைகுரியிலிருந்து நாகர்கோவிலுக்கும் திருச்சிக்கும் தொடங்கினார்கள், திருவனந்தபுரம்–தாம்பரமும் வந்துவிட்டது. கேட்டவர்களுக்கு ஏதோ கிடைத்திருக்கிறது.

ராயபுரம்வாசி:
சரி, கோட்ட ரயில் மேலாளருக்கு ஒரு மனு எழுதுகிறேன். நிறுத்தம் வேண்டும் என்று மட்டும் எழுதினால் ஒரே வரியில் 'இயக்கக் காரணங்களால் இயலாது' என்று பதில் வரும். ஆகவே நிறுத்தத்தைக் கடைசியில் வைக்கிறேன். முதலில் ரத்து விதி: படுக்கை வசதிப் பயணிக்கு வந்தே பாரத் விதி வேண்டாம், சாதாரண எக்ஸ்பிரஸ் விதியே போதும். இது ரயில்வே வாரியம் முடிவு செய்வது என்பதால் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கும் ஒரு பிரதி. அடுத்து, வாராந்திர வண்டியை வாரம் மூன்று முறையாக்குவது. பதினொரு பொதுப்பெட்டியை ஒருபோதும் குறைக்கக் கூடாது என்பதும் அதோடு சேரும். அப்புறம்தான் நடைமேடை நீட்டிப்பும் நிறுத்தமும். எண்ணூர்க் காற்று அண்ணனின் எதிர்ப்பையும் ஒரு வரியில் சேர்க்கிறேன், லோக்கல் நேரம் பாதிக்கப்படக் கூடாது என்று.

எண்ணூர்க் காற்று:
அந்த வரி இருந்தால் நானும் கையெழுத்துப் போடுகிறேன். ஏசி பற்றி நான் சொன்னதை நீங்கள் சேர்க்க மாட்டீர்கள் என்று தெரியும்.

தண்டையார்பேட்டை வானதி:
மனுவை என் கடையில் நகல் எடுக்கலாம், காசு வேண்டாம். ஆனால் கையெழுத்து யாரிடம் வாங்கப் போகிறீர்கள்? இந்த வண்டியில் ஏறப் போகிறவர்களில் பெரும்பாலோர் இந்த இழையைப் படிக்கவே முடியாது. மனு தமிழில் மட்டும் இருந்தால் அவர்கள் படிக்காமலே கையெழுத்துப் போட வேண்டியிருக்கும், எனக்கு அது பிடிக்கவில்லை. வங்காளத்தில் எழுதித் தர யாராவது இருக்கிறார்களா?

மணலி பட்டறை:
எங்களிடம் ஒருவர் இருக்கிறார். பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவர், கையெழுத்து அச்சடித்ததுபோல இருக்கும், தமிழும் நன்றாகப் பேசுவார். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் வேலை இல்லை. ராயபுரம்வாசி வந்து வாசித்துக் காட்டினால் அவர் எழுதிவிடுவார். ஒடியாவுக்கும் ஆள் தேடிப் பார்க்கிறேன்.

ராயபுரம்வாசி:
ஞாயிறு மூன்று மணிக்கு வருகிறேன். பச்சைக்கொடி ஐயா, அந்த நடைமேடை நீளக் கணக்கை ஒரு தாளில் எழுதி அதற்குள் வானதி அக்கா கடையில் கொடுத்துவிடுங்கள்.